கேட்ட சித்திரமும் கண்ட சித்திரமும்

சித்திரம் என்பது உள்ளதை உள்ளவாறு எழுதிக் காட்டுவது என்று கூறுவாரும் உளர். இல்லாததை உள்ளது போலக் காட்டுவதே சித்திரம் என்று கூறுவாரும் உளர். இவ்விரு கட்சியாரும் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். அவ்வழக்கைத் தீர்த்துவைக்க நாம் இங்கு முற்படவில்லை. கனவில் வருவன போன்ற மாளிகைகளையும் மனித உருவங்களையும் வெறுங் கோட்டினாலேயே எழுதிய ஒருவரின் சித்திரங்களைப் பற்றிச் சில கூறவும், அவற்றைக் குறித்து நாமே முன்னொரு நாள் கூறிய பொய் ஒன்றைத் திருத்திக்கொள்ளவுமே இக்கட்டுரையை எழுதலானோம். பொய் என்பது கடுஞ்சொல் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். முடிவுவரை படித்தபின் அவர்களே தீர்ப்பளிக்கட்டும்.

அச்சித்திரங்களை எழுதியவர் ஜியோவன்னி பத்திஸ்தா பிரானேசி என்பார். இத்தாலி தேசத்தில் வெனிஸ் நகரை அடுத்துள்ள மொக்லியானோ என்னும் ஊரில் 1720-ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தந்தையார் கல்தச்சர். தாய்மாமன் வெனிஸ் அரசாங்கத்தின் நீர்ப்பணித் துறையில் பொறியாளர். கல்லையும் கட்டடத்தையும் பற்றிய பேச்சிலேயே பிள்ளை வளர்ந்தான் என்பது இதனால் விளங்கும். 1740-இல் வெனிஸ் தூதரின் பரிவாரத்தில் ஒரு சித்திரக்காரராக அவர் ரோமாபுரிக்கு வந்தார். அங்கே வாசி என்பவரிடம் செப்புத் தகட்டில் சித்திரம் எழுதும் தொழிலைப் பயின்றார். ரோமாபுரியின் பழம்பெரும் இடிபாடுகளையும் வீதிகளையும் அவர் எழுதிய தகடுகள் 135. அந்நகரைக் காண வந்த பயணிகள் அவற்றை விரும்பி வாங்கிச் சென்றனர். தம்மை எக்காலத்தும் வெனிஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் என்றே அவர் சொல்லிக்கொண்டார். ஆனால் வாழ்நாள் முழுவதிலும் அவர் கட்டி முடித்தது ஒன்றே ஒன்று. 1764-க்கும் 1766-க்கும் இடையில், அவந்தைன் குன்றின்மீது நின்ற பழைய தேவாலயம் ஒன்றைப் புதுப்பித்துத் தம் கற்பனைப்படி அமைத்தார். 1778-இல் அவர் இறந்தபின் அவ்வாலயத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். கட்ட விரும்பியவருக்குக் கல் கிடைக்கவில்லை, செம்பு கிடைத்தது. மற்றவற்றையெல்லாம் அவர் செம்பிலேயே கட்டினார்.

அவ்வாறு செம்பில் கட்டியவற்றுள் தலைசிறந்தவை ‘கற்பனைச் சிறைகள்’ என்னும் தொகுதியில் அடங்கியவை. 1750-ஆம் ஆண்டையொட்டி 14 தகடுகள் கொண்ட முதற் பதிப்பு வெளிவந்தது. அதன் முகப்பில் இருந்தது பதிப்பித்த வணிகர் பூஷார் என்பவரின் பெயரே. எழுதியவரின் பெயர் அங்கே இல்லை. பின்னர் 1761-இல் பிரானேசி அத்தகடுகளை மீண்டும் எடுத்து, கோடுகளை ஆழமாக்கி, பலவற்றைப் புதிதாகச் சேர்த்து, இரண்டு புதிய தகடுகளையும் கூட்டி, 16 தகடுகளாகத் தம் பெயருடன் வெளியிட்டார். ஒவ்வொரு தகடும் சற்றேறக்குறைய 55 செண்டிமீட்டருக்கு 41 செண்டிமீட்டர் அளவினது.

இச்சித்திரங்கள் செய்யப்படும் முறையையும் வாசகர்கள் அறிதல் வேண்டும். அதை அறியாதவழிச் சித்திரத்தின் தன்மையும் விளங்காது. செப்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சு ஒன்றை மெல்லியதாகப் பூசுவர். கூரிய ஊசியால் அப்பூச்சைக் கீறிப் படம் எழுதுவர். பின் தகட்டை அமிலத்தில் இடுவர். பூச்சு நீங்கிய இடங்களில் மட்டும் அமிலம் செம்பை அரிக்கும். சற்று நேரம் கிடந்த கோடு மெல்லியதாகவும் நெடுநேரம் கிடந்த கோடு ஆழ்ந்தும் அமையும். அக்குழிகளில் மையை நிரப்பி, ஈரத் தாளை மேலே வைத்து அழுத்தினால் படம் தாளில் பதியும். உளி கொண்டு செதுக்குபவன் கையை அடக்கி நடத்த வேண்டும். ஊசி கொண்டு பூச்சைக் கீறுபவனோ தாளில் பேனா ஓட்டுவது போலவே ஓட்டலாம். ஆதலின் மனத்தில் தோன்றும் வேகத்திலேயே கை எழுதிச் செல்கிறது. முதற் பதிப்பின் கோடுகளைக் காண்போர் இதை உடனே உணர்வர். அவை அளந்து வைத்த கோடுகள் அல்ல, ஓடிய கோடுகள்.

நிற்க. நமது பொய்க்கு வருவோம்.

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற காலத்தில் தாமஸ் டி குவின்சி என்னும் ஆங்கில ஆசிரியர் 1821-இல் எழுதிய அபினிப் பழக்கத்தின் வரலாற்றை நாம் படித்தோம். அதில் பிரானேசியின் சித்திரம் ஒன்றைப் பற்றிய புகழ்பெற்ற பகுதி வருகிறது. பெரியதொரு மண்டபம், அதன் சுவரை ஒட்டி ஒரு படிக்கட்டு, அதில் தட்டுத்தடுமாறி ஏறுபவர் பிரானேசியே. படி திடீரென்று முடிந்துவிடுகிறது, மேலே வழியில்லை, கீழே பாதாளம். அவர் கதை முடிந்தது என்று எண்ணிக் கண்ணை உயர்த்தினால், அதற்கும் மேலே வேறொரு படிக்கட்டு. அதன் விளிம்பிலும் அவரே நிற்கிறார். மேலும் உயர்த்தினால் இன்னொன்று, அங்கும் அவரே. இப்படியே ஏறி ஏறி, மேலிருக்கும் இருளில் படியும் ஆளும் மறைகின்றனர். அபினியின் மயக்கத்தில் தம் கனவுகளும் இவ்வாறே வளர்ந்தன என்பது டி குவின்சியின் கருத்து. அந்தப் பகுதி இளமையில் நம்மைப் பற்றிக்கொண்டது. பல இரவுகளில் நாமே அப்படியில் ஏறியதாகக் கனவு கண்டதும் உண்டு.

பத்தாண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்த்த தோட்டத்தின் படிப்பகத்தில் கலையைப் பற்றிப் பேசும்படி இளைஞர்கள் நம்மை அழைத்தனர். அன்று நாம் இச்சித்திரத்தை விரிவாக வர்ணித்தோம். படியேறும் பிரானேசியின் உடை கிழிந்திருந்தது என்று கூடச் சொன்னதாக நினைவு. எல்லாரும் மெய்ம்மறந்து கேட்டனர். ‘நாம் கண்டோம்’ என்றே சொன்னோம். கண்டதில்லை. படித்ததைக் கண்டதாகச் சொல்லிவிட்டோம். அத்தோட்டத்தில் ஆங்கிலம் படித்தவர்கள் சிலரே. எவரும் மறுத்துக் கேட்கமாட்டார் என்ற துணிவு நமக்கிருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அண்மையில் சிங்கப்பூரில் ஒரு பழைய புத்தகக் கடையில், இரண்டு பதிப்புகளின் தகடுகளையும் பக்கம் பக்கமாக வைத்து அச்சிட்ட நூல் ஒன்று நமக்குக் கிடைத்தது. ஆசையோடு கொண்டுவந்தோம். அன்று மாலை நம் வீட்டுக்கு வந்தவர், அதே தோட்டத்தில் நெடுநாள் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர். நமது பேச்சை அன்று முன்வரிசையில் இருந்து கேட்டவர் அவர். நூலைக் கண்டதும் அவருக்கு அந்நாள் நினைவுக்கு வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தகட்டிலும் விரலை வைத்துத் தேடினார். பதினாறையும் தேடி முடித்துவிட்டு நம்மை நோக்கி, “அன்றைக்குச் சொன்னீர்களே, கிராணி ஐயா, படியேறிப் படியேறிப் போகிறவன் ஒருவன் என்று, அவன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான்?” என்றார்.

நாமும் தேடினோம். அவன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

டி குவின்சியின் நூலை மீண்டும் எடுத்துப் பார்த்தபோதுதான், இளமையில் நாம் தாண்டிச் சென்ற ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. அவரும் அச்சித்திரத்தைக் கண்டதில்லை. பிரானேசியின் ரோமாபுரித் தகடுகளை அவர் புரட்டிக்கொண்டிருந்தபோது, அருகில் நின்ற கவிஞர் கோல்ரிட்ஜ் வேறொரு தொகுதியைப் பற்றி வாயால் சொன்னார். அதை நினைவிலிருந்து எழுதுவதாக டி குவின்சியே ஒப்புக்கொள்கிறார். தொகுதியின் பெயர் ‘கனவுகள்’ என்றும், கடுஞ் சுரத்தின் பிதற்றலில் பிரானேசி கண்ட காட்சிகளே அவை என்றும் அவர் எழுதுவது கேள்வியளவிலேயே நிற்கிறது. தொகுதியின் பெயர் கனவுகள் அல்ல. சுரக் கதைக்குச் சான்றும் இல்லை. கோதிக் மண்டபங்கள் என்கிறார். தகடுகளில் நாம் காண்பனவோ பெரும்பாலும் ரோமாபுரியின் பழங்கட்டடங்களில் உள்ள கனத்த அரைவட்ட வளைவுகள். ஆகக் கோல்ரிட்ஜ் கண்டார், டி குவின்சி கேட்டார், நாம் படித்தோம், தோட்டத்து மக்கள் நம்மிடம் கேட்டனர். நான்கு கை மாறிய சரக்கு அது. டி குவின்சியாவது நினைவிலிருந்து எழுதுகிறேன் என்று ஒரு சொல் சொன்னார். நாம் அதையும் விட்டுவிட்டோம்.

டி குவின்சியின் வர்ணனையை இகழ்வது நமது நோக்கமன்று. இலக்கியம் என்ற முறையில் அதற்கு ஈடு சிலவே. ஆனால் அது பிரானேசியின் படைப்பன்று. பிரானேசியின் பெயரால் டி குவின்சி செய்த வேறொரு படைப்பு. அதில் ஓவியன்தான் கதாநாயகன். உலகம் முழுவதும் ஒரு படிக்கட்டு, ஏறுபவன் ஒருவனே, துன்பமும் அவனுடையதே. தன் உள்ளத்தையே உலகமாகக் காணும் அக்காலத்து ஆங்கிலக் கவிஞர்களின் போக்கு அது. உண்மைத் தகடுகளில் கதாநாயகன் எவனுமில்லை.

அப்படியாயின் அவற்றில் இருப்பது யாது? அவற்றைக் கண்டவுடன் கனவில் நுழைந்தது போன்ற உணர்ச்சி எழுவது ஏன்? இவ்வினாவுக்கு விடைகாண முயல்வோம்.

முதலாவது, இக்கட்டடங்களுக்கு வெளிப்புறம் இல்லை. எந்தத் தகட்டிலும் கட்டடத்தின் முழு உருவத்தை நாம் காண்பதில்லை. ஒரு வளைவுக்கு அப்பால் மற்றொரு வளைவு. அதற்கப்பால் ஒரு பாலம். பாலத்தின் மேல் ஒரு மாடம். எங்கே சுவர் முடிந்து வானம் தொடங்குமோ அங்கே தாள் முடிந்துவிடுகிறது. தரையும் தெளிவாகக் காணப்படுவதில்லை. கனவிலும் இப்படியே. ஒரு வீட்டுக்குள் இருக்கிறோம் என்பது தெரியும். எந்த வழியாக உள்ளே வந்தோம் என்பது தெரியாது.

இரண்டாவது, அளவு. பெருந்தூண்களின் அடியிலும் பாலங்களின் மீதும் எறும்பு போன்ற மனித உருவங்களை எழுதியிருக்கிறார். அவ்வுருவங்களை மறைத்துவிட்டுப் பார்த்தால் மண்டபம் சாதாரண மண்டபமாகிவிடும். அவற்றைக் கண்டபின்பே தூணின் உயரம் நம் நெஞ்சில் இடிக்கிறது. மேலும், முன்னே நிற்கும் உருவத்தைக் கொண்டு ஓர் அளவை நாம் மனத்தில் நிறுவிக்கொண்டபின், வெகுதொலைவில் ஒரு பாலத்தின்மேல் புள்ளியளவாய் மற்றோர் உருவம் தெரியும். உடனே நாம் நிறுவிய அளவு இடிந்து, மண்டபம் பன்மடங்கு பெரிதாகிறது.

மூன்றாவது, தொலைவைக் காட்டும் முறை. ரப்பர் நிரையாயினும் செம்பனை நிரையாயினும் அதன் நடுவே நின்று நேரே நோக்கினால், இருபுறத்து மரங்களும் குறுகிச் சென்று தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவது போலத் தோன்றும். ஐரோப்பிய ஓவியர்கள் இதனைக் கணக்காக வகுத்து வைத்திருந்தனர். பிரானேசிக்கு முந்திய தலைமுறையில், பிபியேனா குடும்பத்தைச் சேர்ந்த நாடகக் காட்சி அமைப்பாளர்கள் இம்முறையை மாற்றி, மண்டபத்தின் மூலையை நமக்கு எதிரே நிறுத்தி, இருபுறமும் கட்டடம் சரிந்து ஓடும்படி எழுதினர். அரங்கம் சிறிதாயினும் காட்சிக்கு எல்லையில்லாமற் போயிற்று. வெனிஸ் நாட்டு இளைஞரான பிரானேசி இவ்வித்தையை நன்கறிந்தவர். நாடகங்களில் சிறைக் காட்சி வழக்கமான ஒன்று என்பதும் அவருக்குத் தெரியும். ஆதலின் இச்சித்திரங்கள் சுரத்தில் பிறந்தவை என்பதைவிட, நாடக மேடையில் பிறந்து, நடிகர்கள் போன பின்னும் அணையாத காட்சிகள் என்பதே பொருந்தும்.

சில இடங்களில் அவர் கணக்கையே மீறுகிறார். 14-ஆம் தகட்டில் படிகளும் தூண்களும் ஒன்றுக்கொன்று முன்னே இருப்பதா பின்னே இருப்பதா என்று முடிவு செய்ய இயலாதவாறு பின்னிக் கிடப்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் இத்தகைய இடங்கள் சிலவே. பெரும்பாலான இடங்களில் அவர் எழுதியது கட்டக்கூடியதே. கட்டுவதற்குக் காரணந்தான் இல்லை. இதனை நமக்கு உணர்த்தியவர் அத்தச்சரே. அவர் ஓர் உத்திரத்தைச் சுட்டிக் காட்டி, “இது எதையும் தாங்கவில்லையே, ஐயா. இந்தக் கப்பியில் கயிறு இருக்கிறது. தூக்குவதற்குப் பாரம் இல்லை. மரத்தை வீணாக்கியிருக்கிறார்கள்,” என்றார். நூல் பல கற்றும் நமக்குத் தோன்றாத பொருள் இது. நனவில் ஒவ்வோர் உத்திரத்திற்கும் ஒரு பாரம் உண்டு. ஒவ்வொரு படிக்கும் சேருமிடம் உண்டு. பொருள் நிற்க, அதன் பயன் மட்டும் நீங்கிப்போவதே கனவு. பாரமற்ற உத்திரமும் சேருமிடமற்ற படியும் அக்கனவின் எழுத்துக்கள்.

இனி, இரு பதிப்புகளையும் ஒப்பிட்டு நோக்குவோம். முதற் பதிப்பில் ஒளி மிகுதி. கோடுகள் மெல்லியவை, பல இடங்கள் எழுதாமலே விடப்பட்டுள்ளன. விழித்த சில நொடிகளில் நினைவிலிருந்து நழுவும் கனவு எப்படியோ அப்படி. 1761-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே தகடுகள் இருண்டுவிட்டன. புதிய பாலங்களும் படிகளும் தொலைவில் முளைத்துள்ளன. சங்கிலிகளும் சக்கரங்களும் பெருகியுள்ளன. புதிதாகச் சேர்த்த இரண்டாம் தகட்டில் ஒருவன் வதைக்கப்படுகிறான்; சுற்றிலும் மக்கள் நிற்கின்றனர். கடைசித் தகட்டில் லத்தீன் எழுத்துக்கள் பொறித்த கற்கள் காணப்படுகின்றன. ரோமாபுரியின் பண்டை அரசன் சிறை கட்டியது மக்களை வெருட்டிக் குற்றத்தை அடக்கவே என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதியதை அவற்றுள் ஒன்று நினைவூட்டுகிறது.

இரண்டாம் பதிப்பையே உயர்ந்தது என்பர் பலர். நாம் அதற்கு முழுவதும் உடன்படவில்லை. கனவுத் தன்மை ஒன்றையே நோக்கினால் முதற் பதிப்பே சிறந்தது என்பது நமது துணிபு. இரண்டாவதில் அச்சத்திற்குப் பெயரும் கருவியும் வந்துவிட்டன. பெயர் தெரிந்த அச்சம் கனவு அச்சமன்று. ஆனால் இரண்டாவதில், முதலாவதில் இல்லாத ஒன்று இருக்கிறது. கனவு கண்டவர் விழித்துக்கொண்டு, நாம் கண்டது எதனுடைய கனவு என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். இவ்வளவு பெரிய கல்லும் வளைவும் பாலமும் எதற்காக? ஒரு மனிதனை வெருட்டுவதற்காக. அவ்வாறு அவர் விடையளித்தார் என்றே நாம் கொள்கிறோம். மூன்றாண்டு கழித்து, 1764-இல், பெக்காரியா என்னும் இத்தாலியர் குற்றமும் தண்டனையும் பற்றிய நூலை வெளியிட்டுச் சித்திரவதையை வன்மையாகக் கண்டித்தார். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தார் என்று நாம் கூறவில்லை. ஒரே காலத்துக் காற்று இருவர் மீதும் வீசியது என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

கனவுத் தோற்றம் என்றால் இருள் வேண்டும் என்று எண்ணவேண்டா. இருபதாம் நூற்றாண்டில் ஜியார்ஜியோ டி சிரிக்கோ என்பவர் பட்டப்பகலிலேயே கனவை எழுதினார். 1888-இல் கிரேக்க நாட்டின் வோலோஸ் நகரில், இருப்புப்பாதைப் பொறியாளர் ஒருவருக்கு மகனாகப் பிறந்த இத்தாலியர் அவர். 1914-இல் அவர் எழுதிய வீதிச் சித்திரம் ஒன்றில் ஒரு சிறுமி வளையம் உருட்டிக்கொண்டு ஓடுகிறாள். ஒருபுறம் வெண்மையான நீண்ட தாழ்வாரம்; மறுபுறம் நிழலில் மூழ்கிய கட்டடம்; கதவு திறந்து கிடக்கும் வெற்று வண்டி. வீதியின் கோடியில் யாரோ ஒருவரின் நிழல் விழுந்திருக்கிறது, ஆள் தெரியவில்லை. இருபுறத்துக் கட்டடங்களின் கோடுகளும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. ஒரு வீதியில் இரண்டு உலகங்கள் நிற்கின்றன. சிறுமிக்குத் தீங்கு நேருமென்று சித்திரம் சொல்லவில்லை. எனினும், அம்மா, ஓடாதே என்று கூவத் தோன்றுகிறது. 1924-இல் ஆந்திரே பிரெத்தோன் அறிக்கை வெளியிட்டுத் தொடங்கிய கனவுக் கலை இயக்கத்தார் டி சிரிக்கோவைத் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டதில் வியப்பில்லை.

ஹாலந்து தேசத்து எஷ்ஷர் 1953-இல் எழுதிய படிக்கட்டுச் சித்திரத்தையும் இங்கே ஒப்பிடலாம். அதில் மேல் கீழ் என்பது மூவகைப்பட்டு, ஒருவனுக்குச் சுவராயிருப்பது மற்றொருவனுக்குத் தரையாயிருக்கிறது; முகமற்ற மனிதர்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஏறி இறங்குகின்றனர். மிகுந்த அறிவுத் திறனுடைய சித்திரம். கண்டு நாம் மகிழ்ந்தோம். ஆயினும் அது கனவாகாமல் விடுகதையாக நிற்கிறது. மூன்று தரைகளையும் பிரித்தறிந்தவுடன் நமக்கு வெற்றி கிட்டுகிறது, அச்சம் போய்விடுகிறது. பிரானேசியின் சிறையில் அத்தகைய வெற்றி கிட்டுவதில்லை. விடுகதைக்கு விடை உண்டு. அவர் விடுகதையே போடவில்லை.

சீர்திருத்தம் பேசும் நம்மவர் சிலர் இத்தகைய கலையை ஐயத்தோடு நோக்குவதை அறிவோம். மூடநம்பிக்கைகளை ஒழிக்கப் பாடுபடும் காலத்தில் கனவையும் பேய் மாளிகையையும் போற்றுவதா என்று அவர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. கனவு பலிக்கும் என்பவன் நம் கண்ணைக் கட்டுகிறான். கனவை எழுதிக் காட்டுபவனோ, இதோ பார், இது கோடு, இது மை, இவ்வளவில் உன் அச்சம் பிறக்கிறது என்று செய்முறையையும் சேர்த்தே காட்டுகிறான். அச்சம் எப்படிக் கட்டப்படுகிறது என்று கண்டவனை அச்சுறுத்துவது கடினம். பிரானேசியின் தகடுகளை அறிவுக்குப் பகை என்பது பொருந்தாது.

மற்றொரு சாரார் இதற்கு மாறாக, இச்சிறையே நம் சமூகம், அச்சங்கிலியே நம் வழக்கம் என்று உடனே உவமை கட்டிவிடுவர். நமக்கும் அவ்வாசை எழாமலில்லை. ஆனால் அவ்வாறு பொருள் கூறி முடித்துவிட்டால் சித்திரத்தை மீண்டும் பார்க்கவேண்டிய தேவை இல்லாமற் போகும். பிரசங்கத்திற்கு உதவியவுடன் சித்திரம் செத்துவிடுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் நாம் செய்த குற்றமும் இவ்வகையைச் சேர்ந்ததே. சித்திரத்தைப் பாராமல் சித்திரத்தைப் பற்றிப் பேசினோம்.

ஆயினும் கண்டதைக் கண்டவாறு சொல்வதில் பிழையில்லை. ஏறுபவன் கிடைக்கவில்லை என்றதும் அம்முதியவர் நூலை மூடவில்லை. மீண்டும் முதலிலிருந்து புரட்டினார். வெகுநேரம் கழித்து, “ஏறிக்கொண்டே போகிறவன் ஒருவன் என்று இதில் இல்லை, ஐயா. பல பேர் இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் நின்றபடி கையைக் கையைக் காட்டுகிறார்கள். இவர்களைக் கட்டியும் போடவில்லை. ஏன் போகாமல் நிற்கிறார்கள்?” என்று கேட்டார்.

உண்மை. பத்தாம் தகட்டில் கட்டுண்டவர்கள் இருக்கின்றனர். முகப்புத் தகட்டிலும் சங்கிலி பூண்ட உருவம் ஒன்று உண்டு. ஆனால் பாலங்களிலும் படிகளிலும் நிற்கும் சிற்றுருவங்களில் பலர் கைதிகளா, காவலரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று சொல்வதற்கில்லை. கையை நீட்டுகின்றனர்; வளைகின்றனர்; எதையோ சுட்டிக் காட்டுகின்றனர். அவர்களைத் தடுக்கும் கதவு ஒன்றும் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. இக்கேள்வி டி குவின்சியின் பக்கங்களில் எழாது. அங்கே இருப்பவன் ஒருவனே. நாள்தோறும் விடியலில் பெரட்டுக் களத்தில் பெயர்களைக் கூப்பிட்டுச் செக்ரோலில் கோடு போடும் நமக்கு இக்கேள்வி எழுந்திருக்க வேண்டும். கோடு போட்டுக் கோடு போட்டு மனிதர்களைச் சிற்றுருவங்களாக்கும் தொழில் நம்முடையது. அச்சிற்றுருவங்களைப் பார்த்து ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டவர், அப்பேரேட்டில் நெடுங்காலம் ஒரு கோடாக இருந்தவர்.

அவருடைய கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. அதை அவரிடம் ஒப்புக்கொண்டோம். பிரானேசியிடமும் விடை இருந்ததாகத் தோன்றவில்லை. விடையிருந்தால், முதற் பதிப்பு வெளிவந்து பத்தாண்டுக்கு மேல் கழிந்தபின்னும் அதே தகடுகளை எடுத்து, அதே இருளில் மீண்டும் கோடு கீறிக்கொண்டிருக்கமாட்டார்.

வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியது சிறிதே. இத்தகடுகள் இப்போது நூலாகக் கிடைக்கின்றன, கிடைத்தால் பாருங்கள். இக்கட்டுரையைப் படித்ததைக் கொண்டு கண்டதாகச் சொல்லிவிடாதீர்கள். நாம் சொன்னதில் எது தவறென்று தகட்டை வைத்துச் சோதியுங்கள். ஆங்கிலத்தில் அச்சானது என்பதனாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. ஆங்கிலம் கற்ற ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்வதனால் அது மேலும் உண்மையாகிவிடவும் செய்யாது.

படிப்பகத்து அன்பர்களிடம் அடுத்த மாதம் மீண்டும் பேச அனுமதி கேட்டிருக்கிறோம். அன்று கேட்டவர்களில் பலர் ஊர்விட்டுப் போய்விட்டனர். இருப்பவர்களிடமேனும் பொய்யைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். இம்முறை நூலை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுப் பிறகு பேசுவோம். முதல் வரிசையில் அந்தத் தச்சர் இருப்பார்.